கல்லின் மேல்பக்கம்

செத்துக் கிடந்த ஆடுகளின் வாயில் நுரை இல்லை. கொளஞ்சியை உறுத்தியது அதுதான்.

குழிநகரின் வடமேற்கு மூலையில், எப்போதோ மழைத்தண்ணீர் தேங்கிக் காய்ந்த பள்ளத்தில், மூன்று ஆடுகளும் கால் மடக்கிப் படுத்த வாக்கிலேயே செத்திருந்தன. விஷச்செடி தின்ற ஆடு இப்படிச் சாகாது. உதைத்துக்கொள்ளும், கழியும், நாக்கைத் தள்ளும். வெயில் தாக்கினால் நிழல் தேடி ஓடி எங்கேயாவது முட்டிக்கொண்டு விழும். இவை தூங்குகிற மாதிரி கிடந்தன. பஞ்சாயத்திலிருந்து வந்தவன் நாலு படம் எடுத்து, காரணம் வெயில் என்று பதிந்துகொண்டு போய்விட்டான். அந்த வருஷம் மனுஷன் செத்தாலும் மாடு செத்தாலும் அதையேதான் பதிந்தார்கள்.

கொளஞ்சி அதை நம்பவில்லை. சுலபத்தில் எதையும் நம்புகிற ஆள் இல்லை அவர். அறுபத்தாறு வயது. நாலாம் வகுப்போடு நின்ற படிப்பு, அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓணான் அடித்தது. மழை வரும் என்று போன் சொன்னால் வானத்தைப் பார்ப்பார். வானத்தில் மேகம் இருந்தால் அதையும் நம்பமாட்டார்.

வீட்டுக்குப் போய் ஒரு தகர டப்பா, மெழுகுவத்தி, சணல் கயிறு எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார். பாழுங்கிணற்றில் தூர் வார இறங்குகிறவர்கள் முதலில் விளக்கைத்தான் இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்குவதில்லை. கொளஞ்சி பாறைப் படியில் நின்றபடி மெழுகுவத்தியைக் கொளுத்தி டப்பாவில் வைத்துப் பள்ளத்துக்குள் இறக்கினார். தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் சுடர் சுருங்கியது. முழங்கால் உயரத்தில் அணைந்தது. காற்று என்று சொல்ல ஒரு மூச்சு இல்லை. மறுபடி கொளுத்தி இறக்கினார். அதே உயரம். மூன்றாவது தடவை கயிறு ஆடியது, அதனால் அணைந்திருக்கும் என்று நினைத்து நாலாவது தடவையும் இறக்கினார்.

அங்கிருந்து நூறடி தள்ளி முதல் வரிசை வீடுகள். அதில் ஏழாவது வீட்டில் அவருடைய மகள் ஓவியா, ஒன்பது மாதக் குழந்தையோடு இருந்தாள். தவழ ஆரம்பித்த குழந்தை. நாள் பூராவும் தரையில்தான் கிடக்கும்.

அரியலூர்ப் பக்கத்தில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டுத் தூர்க்காமல் போட்டுவிட்டுப் போன சுரங்கக் குழிகள் ஏராளம். மேலே வெயில் நாற்பத்தெட்டைத் தாண்ட ஆரம்பித்த பிறகு அரசாங்கத்துக்கு அந்தக் குழிகளின் ஞாபகம் வந்தது. ஒரு குழியின் வாயில் நிழல்வலை இழுத்துக் கட்டி, நூறடி ஆழத்தில் நூற்றெண்பது வீடு கட்டிக் கொடுத்தார்கள். மேலே இருப்பதைவிட அங்கே எட்டு டிகிரி குறைவு. ஜனங்கள் குலுக்கலில் பெயர் விழவேண்டும் என்று கோயிலுக்குக் கோயில் வேண்டிக்கொண்டு வந்து குடியேறினார்கள். ஓவியாவின் புருஷன் மேலே சாலை வேலையில் இருந்தவன், போன சித்திரையில் தார் வண்டிக்குப் பக்கத்தில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அந்தச் சாவுக்காகத்தான் அவளுக்கு வீடு கிடைத்தது.

வீடு கட்டக் காசு கொடுத்தது கரிவாயு நிலையம். குழிக்கு வடக்கே ரெண்டு கிலோமீட்டரில் இருந்தது அது. நாட்டில் உள்ள ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துக் குழாயில் கொண்டுவந்து, அறுநூறு மீட்டர் ஆழத்தில் இருக்கிற மணற்கல்லுக்குள் அழுத்தி அடைப்பார்கள். மணற்கல்லில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை கோடிக்கணக்கில் உண்டு, தண்ணீரும் வாயுவும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே வராமல் இருக்க அதற்கு மேலே ஒரு மூடி வேண்டும். இங்கே மூடி, கறுப்புச் சேற்றுக்கல். ஆழ்கடலின் அடியில் படிந்த சேறு இறுகிக் கல்லானது. அதற்குள் ஈ எறும்பு நுழையாது. பானைக்குள் வாயு, மேலே மூடி. அவ்வளவுதான் விஷயம். பத்து நாளாக லேசாக அழுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வருகிற திங்கட்கிழமை முழு அழுத்தம்.

இதெல்லாம் கொளஞ்சிக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்தக் கல்லை ஆழத்திலிருந்து எடுத்தபோது அங்கே இருந்தவர் அவர். துளையிடும் மேடைகளில் நாற்பது வருஷம் பெட்டி ஆளாக வேலை பார்த்தவர். துளைக்குழாயோடு மேலே வருகிற கல் உருளைகளைத் தட்டுகளில் வரிசையாக அடுக்குவது பெட்டி ஆளின் வேலை. அந்தக் காலத்தில் கல்லைப் பார்த்துச் சொல்ல படித்த ஆட்கள் இருந்தார்கள். ஒரு சொட்டு ஆசிட் விடுவார்கள், பொங்கினால் சுண்ணாம்புக்கல். ஓரத்தைச் சுரண்டிப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள், நறநறவென்றால் வண்டல், வெண்ணெய் மாதிரி வழுக்கினால் ஆழத்துச் சேறு. பார்த்துப் பார்த்து கொளஞ்சிக்கும் அது பழகிவிட்டது. தட்டைத் தூக்கும்போதே, இது ஆறு கொண்டுவந்த மணல், இது அலை அடித்த கரை, இது உப்பங்கழி என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார். வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரை யாரும் கேட்டதுமில்லை.

பிறகு இயந்திரம் வந்தது. ஜனங்கள் அதற்குச் சோசியப்பெட்டி என்று பேர் வைத்தார்கள். கல்லைத் தட்டோடு உள்ளே தள்ளினால் எந்தக் கல், எத்தனை கோடி வருஷத்துக்கு முன்னால், எந்த ஆற்றிலோ எந்தக் கடலிலோ படிந்தது என்று மூன்று நிமிஷத்தில் சொல்லிவிடும். அது சொன்னால் சட்டப்படி அதுதான் முடிவு. படித்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசித்து முடித்த கல்லை வைத்துக்கொள்ள இடம் இல்லை என்று அரைத்துச் சிமெண்டு ஆலைக்கு அனுப்பினார்கள்.

அணைந்த மெழுகுவத்தியோடு கொளஞ்சி மகள் வீட்டுக்கு நடந்தார். அவருக்குப் புரியாத விஷயம் ஒன்றுதான். கறுப்பு மூடி மேலே இருக்கும்போது வாயு எப்படி வெளியே வரும்?

ஓவியா இட்லி மாவு அரைத்து விற்கிறவள். அடுப்படியில் மாவு டிரம் பொங்கி மூடியைத் தூக்காமல் இருக்க மேலே ஒரு கல் வைத்திருந்தாள். சாண் நீள உருளை. பாதி கறுப்பு, பாதி வெள்ளை. அந்தத் துளையிலிருந்து வந்த கல்தான். எடுக்கும்போது கறுப்பும் வெள்ளையும் சேருகிற இடத்தில் உடைந்து தனியாக வந்தது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று கொளஞ்சி துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அவர் பெண்டாட்டி இருந்தவரை அதுதான் மாவு மூடிக் கல். இப்போது மகளுக்கு.

கல் மூடியின்மேல் நின்றுகொண்டிருந்தது. கறுப்பு மேலே, வெள்ளை கீழே. அரசாங்கப் பதிவில் எப்படியோ அப்படி. கொளஞ்சி உட்கார்ந்து அதையே பார்த்தார். வெள்ளை மணலிலிருந்து விரல் விரலாக நாலைந்து கோடுகள் கறுப்புச் சேற்றுக்குள் ஏறியிருந்தன. விரலின் நுனி உருண்டை. நுனி எல்லாம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

நண்டு வளை, என்று அவருக்குத் தோன்றியது. கொள்ளிடக்கரை வயல் வரப்பில் எத்தனை பார்த்திருக்கிறார். சேற்றில் நண்டு மேலிருந்து கீழே குடையும். பிறகு ஆற்று மணல் வந்து மூடினால் மணல் அந்த ஓட்டைக்குள் விழுந்து நிறையும். ஆனால் இதில் மணல் கீழே இருக்கிறது, சேறு மேலே இருக்கிறது. கீழே இருந்த மணல் மேலே ஏறிப்போய் ஓட்டையை அடைக்குமா?

கல்லை எடுத்துத் தரையில் தலைகீழாகத் திருப்பி வைத்தார். வெள்ளை மேலே, கறுப்பு கீழே. வளைகள் எல்லாம் ஒழுங்காகக் கீழே இறங்கின.

மாவு டிரம்மின் மூடி மெல்ல எழும்பி ஓரத்தில் நுரை வழிந்தது. அதையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த நாள் அவருக்கு ஞாபகம் வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால். பதினெட்டு மீட்டர் கல் ஒரே குழாயில் மேலே வந்த நாள். நிலையத்துக்காரர்கள் அதை வீடியோப் படம் எடுக்க ஆள் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

குழாயைப் படுக்கவைத்துத் தள்ளினால் முதலில் வெளியே வருவது அடிக்கல், அதாவது பூமிக்குள் எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது. கடைசியில் வருவதுதான் மேலே இருந்தது. அதனால் முதலில் வருவதைக் கடைசித் தட்டின் கடைசியில் வைக்கவேண்டும். புதிதாக வருகிறவன் எல்லாம் தவறுகிற இடம் அது. முதலில் வந்ததை முதல் தட்டில் வைப்பான், முதுகில் ஒரு அடி வாங்குவான். கொளஞ்சி நாற்பது வருஷத்தில் தவறியதில்லை. துளைமேடை தன் இடது பக்கம் இருக்கும்படி நிற்பார். ஆறு தட்டில் தனக்குக் கிட்ட இருப்பது ஆறாவது. அதன் வலது கோடியில் முதல் கல். அங்கிருந்து கை தானாக நகரும். தட்டில் எழுதிய எண்ணை அவர் பார்த்ததே இல்லை.

அன்றைக்குப் படம் எடுத்தவன், பெரியவரே, அந்தப் பக்கம் வந்து நில்லுங்கள், இங்கே நின்றால் நிலையத்தின் பெயர்ப்பலகையை மறைக்கிறீர்கள் என்றான். அவர் எதிர்ப்பக்கம் போய் நின்றார். கை பழகிய மாதிரியே வேலை செய்தது. கிட்ட இருந்த தட்டின் வலது கோடியில் முதல் கல். எதிர்ப்பக்கத்திலிருந்து கிட்ட இருக்கிற தட்டு முதல் தட்டு. அவருடைய வலது, தட்டின் ஆரம்பம். பதினெட்டு மீட்டரும் தலைகீழ்.

உடைந்த துண்டு படத்தில் அசிங்கமாக இருக்கும் என்று அதன் இடத்தில் ஒரு மரக்கட்டையை வைக்கச் சொன்னான். வைத்தார். அதனால்தான் அந்தத் துண்டை இயந்திரம் பார்க்கவேயில்லை. வேலை முடிந்ததும் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அடுத்த மாதம், இனிப் பழைய ஆட்கள் வேண்டாம் என்று எல்லாரையும் நிறுத்தினார்கள்.

மூடி மேலே இல்லை. மணலுக்கு அடியில் கிடக்கிறது. மணலுக்கு மேலே இருப்பது வெடிப்பு விட்ட சுண்ணாம்புக்கல். அந்த வெடிப்பு வழியாக வாயு ஏறி வருகிறது. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தைத் தேடிப் போய்ப் படுத்துக்கொள்ளும். வட்டாரத்திலேயே பெரிய பள்ளம், ஜனங்கள் குடியிருக்கிற இந்தக் குழி.

அன்று வெள்ளிக்கிழமை, மத்தியானமே நிலையத்துக்குப் போனார். கல்லை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை. நிலையத்தின் பொறியாளர் பர்வீன் முப்பத்தைந்து வயதுப் பெண், திருச்சிக்காரி. உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். கொளஞ்சி உட்காரவில்லை. அறைக்குள் நடந்துகொண்டே ஆடு செத்ததையும் மெழுகுவத்தி அணைந்ததையும் சொன்னார். சோசியப்பெட்டி தப்பாகச் சொல்லிவிட்டது, மூடி மேலே இல்லை, திங்கட்கிழமை அழுத்தக்கூடாது என்றார்.

பர்வீன் பொறுமையாகக் கேட்டாள். இயந்திரம் இதுவரை லட்சக்கணக்கான கல்லைப் பார்த்திருக்கிறது, ஒன்றைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை என்றாள். இந்த இடத்தின் கதையே அதில் தெளிவாக இருக்கிறதாம். அடியில் ஆற்று மணல், அதற்குமேல் ஆழ்கடல் சேறு. அதாவது முதலில் இங்கே ஆறு ஓடியது, பிறகு கடல் ஏறி வந்து மூடியது. நிலையத்தைச் சுற்றி வைத்த கருவி எதிலும் வாயு காட்டவில்லை.

"உங்க கருவியெல்லாம் மேல வெச்சிருக்கீங்க. ஆடு செத்தது கீழ" என்றார் கொளஞ்சி.

செவ்வாய்க்கிழமை ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன் என்றாள்.

"திங்கக்கெழம அழுத்துறது. செவ்வாக்கெழம பாக்குறது. நல்லாருக்கும்மா."

அவர் கதவைத் தாண்டும்போது அவள் கூப்பிட்டாள். "ஐயா, உங்கள நான் எங்கயோ பாத்திருக்கேன்."

ஆளை அனுப்பிவைக்கும்போது அதிகாரிகள் தடவுகிற தேன் என்று நினைத்துக்கொண்டு அவர் நிற்காமல் வந்துவிட்டார்.

சனிக்கிழமைக்குள் விஷயம் குழி பூராவும் பரவிவிட்டது. கொளஞ்சி வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைக் கட்டிலில் போடுங்கள், தரையில் படுக்காதீர்கள் என்று சொன்னார். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி, பெரியப்பா, மேலே நாற்பத்தொன்பதில் கிடந்து சாவதற்குக் கீழே தூங்கிக்கொண்டே சாகலாம் என்றாள். அது சிரிப்புக்குச் சொன்னதா என்று அவருக்குத் தெரியவில்லை. உட்கார முடியாமல் குழியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்தார். வடமேற்குப் பள்ளத்தில் மணிக்கு ஒரு தரம் மெழுகுவத்தியை இறக்கினார். சாயங்காலம் சுடர் இடுப்புக்கு மேலேயே அணைந்தது.

பஞ்சாயத்துத் தலைவர் உத்திராபதி அவரை அங்கேயே வந்து பிடித்தார். தூரத்துச் சொந்தம், சித்தப்பா என்று கூப்பிடுகிறவர். இந்தக் குழிக்காகச் சென்னைக்குப் பத்து நடை நடந்தவர்.

"என்னா சித்தப்பா, கொழிய காலி பண்ணச் சொல்லித் திரியிறியாம்?"

"வத்தி அணையிறது உன் கண்ணுக்குத் தெரியலியா?"

உத்திராபதி பள்ளத்தை எட்டிப் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் விடவில்லை. நிலையம் மூடினால் நிழல்வலைக்குக் காசு வராது, வீடுகளில் காற்றாடி ஓடாது, நூற்றெண்பது குடும்பமும் மேலே போய் எந்த மரத்தடியில் நிற்பது, மரம்தான் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கொளஞ்சி பெட்டி தப்பு, பெட்டி தப்பு என்று மட்டும் சொன்னார்.

"சரி, பொட்டி தப்பு. அந்தக் கல்லத் தட்டுல வெச்சது யாரு? நீதானே. சால்வகூடப் போத்துனாங்களே. வெக்கிறப்ப சரியாத்தான வெச்ச?"

"நான் எதுக்குத் தப்பா வெக்கிறேன்? நாப்பது வருசமா வெக்கிறேன்."

"பின்ன என்னா. நீ சரியா வெச்ச, பொட்டி சரியாப் படிச்சிச்சு. போய்ப் படு."

உத்திராபதி போய்விட்டார். கொளஞ்சி நின்ற இடத்திலேயே நின்றார். பொய் அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டவர், எழுதுகிறவனை, அளக்கிறவனை, இயந்திரத்தை, வானத்தை. தன் கையை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அந்த ஒன்றையும் விட்டுக்கொடுத்தால் மிச்சம் என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓவியாவிடம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே வா என்றார். அவள் மாவு கரைத்துக்கொண்டே கேட்டாள், மேலே எங்கே? அவருடைய தகரக் கொட்டகைக்கா? அவள் புருஷன் மேலேதான் செத்தான், குழந்தையையும் அங்கேயே கொடுக்க அவளுக்கு இஷ்டம் இல்லை. கொளஞ்சி மறுபடி பெட்டி தப்பு என்று ஆரம்பித்தார். ஓவியா கரண்டியை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"நீ எதையோ மறைக்கிறப்பா. பொய் சொல்றப்ப காதச் சொறிவ. அம்மா எப்பவும் சொல்லும்."

அவர் காதிலிருந்து கையை எடுத்தார். குழந்தை தரையில் தவழ்ந்து வந்து அவர் கால் கட்டைவிரலைப் பிடித்தது. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். எந்தப் பக்கம் நின்றார், எந்தக் கல்லை எங்கே வைத்தார், மரக்கட்டை, சால்வை. மாவு டிரம்மின் மேல் இருந்த கல்லைக் காட்டினார்.

ஓவியா ஸ்டூலைப் போட்டு ஏறி, தூளியின் கயிற்றை அவிழ்த்து, கூரைக் கம்பியில் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு இழுத்துக் கட்டினாள். குழந்தையை வாங்கி அதில் போட்டாள். பிறகு டிரம்மின் மேலிருந்த கல்லை எடுத்து, வழிந்த மாவைத் துடைத்து, அவர் கையில் கொடுத்தாள்.

"என்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது. அங்க போய்ச் சொல்லு."

பர்வீன் ஞாயிற்றுக்கிழமையும் நிலையத்தில் இருந்தாள், மறுநாள் வேலைக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கொளஞ்சி இந்த முறை உட்கார்ந்தார். கல்லை மேசைமேல் வைத்தார், வெள்ளை மேலே இருக்கும்படி.

"பொட்டி மேல தப்பு இல்லம்மா. வெச்சவன் மேல தப்பு. வெச்சவன் நான்."

சொன்ன பிறகு வார்த்தை தடுக்கவில்லை. நண்டு வளையைக் காட்டினார். பர்வீன் கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் படித்த படிப்பு குழாயும் அழுத்தமும் பற்றியது, கல்லைக் கிட்டத்தில் பார்த்துப் பழக்கம் இல்லை. கறுப்பை நகத்தால் சுரண்டி அவர் வாயில் போட்டுக்கொண்டதை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வழுக்குகிறது, ஆழத்துச் சேறுதான், அதில் சந்தேகம் இல்லை என்றார் அவர். கடல் இங்கே ஏறி வரவில்லை. இருந்த கடல் மெல்லப் போனது. ஆழம் குறைந்த சேற்றில் நண்டு வளை போட்டது. பிறகு ஆறு மணலைக் கொண்டுவந்து கொட்டியது.

பர்வீன் எழுந்து பக்கத்து அறைக்குப் போய் இயந்திரத்தைப் போட்டாள். கொளஞ்சி அதை அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தார். குளிர்சாதனப் பெட்டி உயரம், நடுவில் ஒரு இழுப்பறை. கல்லை வைத்து மூடினாள். திரையில் எழுத்து வந்தது. அவள் படித்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

என்ன சொல்கிறது என்று கேட்டார்.

"கேக்குது ஐயா. மேல்பக்கம் எது, குறிக்கவும்னு கேக்குது."

"நம்மளயா?"

"தட்டோட வெச்சா கேக்காது. தட்டு ஆரம்பத்துல இருக்குறத மேல்னு எடுத்துக்கும். தனிக் கல்லுங்கறதால கேக்குது."

"வளை எந்தப் பக்கம் எறங்குதுன்னு பாக்காதா?"

"பாக்கச் சொல்லி யாரும் வெக்கல."

வெள்ளையை மேல் என்று குறித்தாள். கடல் பின்வாங்கிய இடம், மூடி இல்லை, வாயு அடைக்கத் தகுதியற்றது என்று வந்தது. கறுப்பை மேல் என்று மாற்றிக் குறித்தாள். கடல் ஏறிய இடம், மூடி உண்டு, தகுதி உண்டு. ரெண்டையும் ஒரே உறுதியோடு சொன்னது. நாடே கும்பிட்ட சோசியம் அவருடைய கை வைத்ததைத்தான் திருப்பிச் சொல்லியிருக்கிறது. கொளஞ்சிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

பர்வீன் போனில் யாரிடமோ பேசி அழுத்துவதை நிறுத்தச் சொன்னாள். சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்த பம்பின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அடங்கியது. ஒரு நாளைக்குத் தன் பொறுப்பில் நிறுத்தலாம், குழியிலிருந்து வாயுவை வெளியே தள்ள ராட்சதக் காற்றாடி கொண்டுவரச் சொல்கிறேன், அதற்குமேல் டில்லியில் கேட்கவேண்டும் என்றாள். கொளஞ்சி தலையாட்டினார். இரண்டு நாளில் முதல் தடவையாக அவருக்குப் பசித்தது. எழுந்துகொண்டு, போலீசு எப்போது வரும், மகள் வீட்டில் இருக்கட்டுமா, தன் கொட்டகையில் இருக்கட்டுமா என்று கேட்டார்.

பர்வீன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளிறிக்கொண்டிருந்தது.

"ஐயா, அன்னிக்குப் படம் எடுத்தாங்கன்னீங்களே. நீங்க நீலச் சட்ட போட்டிருந்தீங்களா?"

ஆமாம் என்றார். அவருக்கு அந்தச் சட்டை ஞாபகம் இருந்தது, தோளில் தையல் விட்டிருந்தது.

அவள் போனில் எதையோ தேடி அவர் கையில் கொடுத்தாள். அவர் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. யாரும் அவருக்குக் காட்டவில்லை. அதில் ஐந்து வயது குறைந்த கொளஞ்சி நீலச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் நிலையத்தின் பெயர்ப்பலகை எழுத்து விடாமல் தெரிந்தது. குழாயிலிருந்து முதல் கல் வெளியே வந்தது. அந்தக் கை அதைத் தூக்கி, ஒரு தயக்கம் இல்லாமல், முதல் தட்டின் ஆரம்பத்தில் வைத்தது. கீழே எழுத்து ஓடியது. படிக்கத் தெரிந்தவரைக்கும் கூட்டிப் படித்தார். கல் அடுக்கும் சரியான முறை, என்றிருந்தது.

"பயிற்சிப் படம்" என்றாள் பர்வீன். "வேலைக்குச் சேந்தப்ப எனக்கும் இதத்தான் காட்டுனாங்க. எட்டு பாஷைல இருக்கு. அதுக்கப்பறம் தொளை போட்ட எடத்துல எல்லாம் பெட்டி ஆளுங்க இதப் பாத்துத்தான் பழகுனாங்க."

"பழைய ஆளுங்க ஒருத்தன்கூட இல்லியா? பாத்தவொடன தெரிஞ்சிருக்குமே."

கேட்கும்போதே பதில் அவருக்குத் தெரிந்தது. எல்லாரையும்தான் நிறுத்திவிட்டார்களே.

எத்தனை இடம் என்று கேட்டார். வாயு அடைத்துக்கொண்டிருப்பது இருபத்தேழு என்றாள். அவர் தட்டுகளை மனசுக்குள் திருப்பிப் பார்த்தார். கல்லை எல்லாம் தலைகீழாக வைத்தால் மூடி உள்ள இடம் மூடி இல்லாததாகத் தெரியும், இல்லாத இடம் உள்ளதாகத் தெரியும். நல்ல இடத்தையெல்லாம் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, மூடியில்லாத இடமாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். அதில் எத்தனை இடத்தில் பக்கத்தில் குழி இருக்கிறது, எத்தனை குழியில் வலை கட்டி ஜனங்களைக் குடிவைத்திருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். பர்வீன் தெரியாது என்றாள். கடிதம் எழுதலாம், ஆனால் இயந்திரம் சொன்னதை மறுத்து மனுஷன் சொல்வதைச் சட்டம் எடுத்துக்கொள்ளாது, ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கல்லும் இப்போது சிமெண்டாகிவிட்டிருக்கும் என்றாள்.

கொளஞ்சி போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு மனசு மாறி, இந்தப் படம் போகிற இடமெல்லாம் இன்னொரு படம் போகுமா என்று கேட்டார். போகவைக்கலாம், தன் வேலை போகும், ஆனால் அதற்குள் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்றாள் அவள்.

ரெண்டு பேரும் கல்லை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பழைய துளைமேடைக்குப் பக்கத்தில் கிடந்த தட்டுகளை வெயில் சுட்டுக்கொண்டிருந்தது. கொளஞ்சி துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஆறு வெற்றுத் தட்டுகளை இழுத்துப் போட்டார். பர்வீன் போனைத் தூக்கிப் பிடித்தபடி, வெளிச்சம் முகத்தில் விழ எதிர்ப்பக்கம் வந்து நிற்கச் சொன்னாள்.

"எங்க நிக்கணும்னு இந்தத் தடவ நான் சொல்லுவேன்" என்றார் கொளஞ்சி.

துளைமேடை இடது பக்கம் இருக்கும்படி நின்றார். சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது, முகம் இருட்டாகத்தான் தெரியும். பெயர்ப்பலகையை முழுசாக மறைத்துக்கொண்டிருந்தார். பர்வீன் தலையசைத்தாள்.

"என் பேரு கொளஞ்சிநாதன். நீங்க பாத்துப் பழகுன படத்துல இருக்குறது நான்தான். அதுல நான் தப்பா வெச்சிருக்கேன்." அவர் கை காதுப் பக்கம் போகவில்லை. குனிந்து அந்தக் கறுப்பு வெள்ளைக் கல்லை எடுத்தார். "மொதல்ல வர்ற கல்லு அடிக்கல்லு. இப்ப பாருங்க."